பகடி

தொண்ணூறடி ரோட்டில், செல்போன் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே
ஏழடி அகலத்தில் என் டிசைன் கடை.
பதினோரு மாத ஒப்பந்தம். லீவ் அண்டு லைசென்ஸ்.
பன்னிரண்டாவது மாதம் என்று ஒன்று
மும்பையின் முத்திரைத்தாள்களில் கிடையாது.

கோழிக்கடை இர்ஃபான் பாய்க்கு அப்படியில்லை.
அவர் வாப்பா ஒருமுறை மொத்தமாகக் கொடுத்தார்.
இன்றும் மாதம் நூற்றுப்பத்து ரூபாய்தான்; கிளம்பு என்று சொல்ல ஆளில்லை.
அதற்குப் பெயர் பகடி.
முதலில் கேட்டபோது
என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

மேசைக்கடியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் என் பகடி.
பெட்டியில் வந்த சிடி. உறைமேல் இருபது எழுத்துச் சாவி,
அழிந்த இடங்களில் பேனாவால் நான் எழுதியது.
ஐந்தா, எஸ்ஸா, இன்றும் சந்தேகம்.
அன்றைக்கு வளையல் ஒன்று போயிற்று.
அதன்பின் அது என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

புதியது கேட்கும், மாதாமாதம் எட்டாம் தேதி.
கடை வாடகைக்கு வரும் மாத்ரேயாவது
செருப்பைக் கழற்றி, சாயா குடித்து,
மகளுக்கு வரன் தட்டிப்போனதைச் சொல்லி
பிறகுதான் கையை நீட்டுவார்.
இதற்கு ஒரு செருமல்கூடக் கிடையாது.

ஜூலை எட்டு, ராத்திரி பதினொன்றரை.
வெளியே ரோடு முழங்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
காலையில் அடக்கம். பன்னிரண்டுக்கு எட்டு ஃபிளெக்ஸ்.
கிதியோன் கொண்டுவந்தது ஒரு கல்யாண குரூப் போட்டோ;
அவன் அத்தான் தனசிங்குக்குத் தனியாகப் படமே இல்லை.
முகத்தை வெட்டினேன். சட்டைக்கு டை போட்டேன்.
தோளில் யாருடைய கையோ கிடந்தது,
அதை விரல் விரலாக அழித்தேன். இரண்டு மணிநேரம்.

சேமிக்கப் போனபோது
சந்தா முடிந்தது என்று ஒரு வெள்ளைப் பெட்டி.
நகர்த்தினால் நகராது.
மேலே தனசிங்கின் முன்வழுக்கை தெரிந்தது, கீழே டை.
நடுவில் இரண்டு பட்டன்:
இப்போதே செலுத்து, பிறகு பார்க்கலாம்.
இப்போதே என்று அழுத்தினேன்.
கார்டில் இருந்ததை மத்தியானம்தான்
ஃபிளெக்ஸ் ரோல்காரன் வழித்துக்கொண்டு போயிருந்தான்.

பழையதைத் தட்டி எழுப்பினேன். நாலு நிமிஷம் முனகியது.
புதியதில் செய்த எதையும் அது திறக்காது,
ஒரே அறையில் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி.
முதலிலிருந்து தொடங்கினேன்.

அதில் தமிழ் அடிக்கக் கொம்பு முதலில், எழுத்து பிறகு.
விரல்களுக்கு நினைவிருந்தது.
'என்றென்றும் எங்கள் நெஞ்சில்':
நெஞ்சுக்குக் கொம்பை முதலில் அடித்தேன்.
என்றென்றும் என்பது
கார்ப்பரேஷன் வண்டி வரும்வரை,
நல்ல வாரமாக இருந்தால் மூன்று நாள்.
சதுர அடிக்குப் பதினான்கு ரூபாய்.

ஒன்றரை மணிக்குக் கை வரைக்கும் வந்தேன்.
அழிக்கத் தெம்பில்லை. விட்டுவிட்டேன்.

விடியலில் கிதியோன் பேனரை விரித்துப் பார்த்தான்.
தோளில் யார் கை, என்றான்.
தெரியலையே என்றேன்.
கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
என்னோடதுதான் போல, என்று சுருட்டி
மழையில் எடுத்துப் போனான்.

வாசலிலிருந்து திரும்பிச் சொன்னான்:
ஃபைலை வச்சிருங்கக்கா. முதல் வருஷத்துக்கும் இதேதான்,
தேதி மட்டும் மாத்தினாப் போதும்.

சரி என்றேன்.
அடுத்த ஜூலையில் இந்த ஏழடி யாருடையதோ.
குறித்துவைக்கக் காலண்டரைத் தேடினேன்,
அது டிசம்பரோடு முடிந்திருந்தது.
சிடி உறையின் பின்பக்கம் எழுதினேன்:
ஜூலை எட்டு, தனசிங்.
மற்றதற்கும் அதே தேதிதான்.
அதை எழுதவில்லை.
அது தானாக வந்து கேட்கும்.